கேரி என்பவர் எவர்?

சென்ற தைத் திங்களில் கிள்ளானுக்கு அணித்தான ஒரு படிப்பகத்தில் சில மொழிகள் கூறுமாறு நண்பர்கள் நம்மை அழைத்தனர். ‘உழைப்பால் உயர்ந்தோர்’ என்பது அவர்கள் தந்த பொருள். நாம் ஷா ஆலத்தை அடுத்த செம்பனைத் தோட்டமொன்றில் கணக்கெழுதிப் பிழைப்பவர். இளமையில் ஆங்கிலப் பள்ளியிற் பயின்றோம். ஆங்கிலப் பள்ளியிற் பயின்றார்க்குத் தாம் அறியாதது யாதுமில்லை என்றோர் எண்ணம் உள்ளூர உண்டன்றோ? அவ்வெண்ணம் அன்று நம்மை நன்றாய் ஏமாற்றிவிட்டது. செருப்புத் தைத்துப் பிழைத்த வில்லியம் கேரி என்பார் வங்காளம் புகுந்து பன்மொழிப் புலவராய் விளங்கிய வரலாற்றை விரித்துரைத்தோம். அவையோர் ஆர்வத்தோடு கேட்டனர். அவ்வார்வத்தைக் கண்ட மகிழ்ச்சியில், “நம் அண்மையிலுள்ள கேரித் தீவும் அப்பெரியாரின் பெயரையே தாங்கி நிற்கின்றது” என்று கூறி அமர்ந்தோம். கைதட்டலும் கிடைத்தது.

கூட்டங் கலைந்தபின் முதியவர் ஒருவர் நம்மை அணுகினார். கேரித் தீவில் மண்டோராயிருந்து ஓய்வு பெற்றவராம். “தம்பி, நீங்க சொன்ன கேரி வேற, தீவுக்குப் பேர் குடுத்த கேரி வேற. தீவு கேரி தோட்டத் தொரை. எங்க தாத்தா அங்க காவா வெட்டுன ஆளு” என்றார். பிறர் செவியில் விழாதவாறு மெல்லத்தான் சொன்னார். அந்த மென்மையே நமக்குப் பின்னும் நாணத்தைத் தந்தது.

அவ்வாரமே நூல்களைப் புரட்டினோம். முதியவர் உரைத்ததே மெய். தேடப் புகுந்த இடத்தில் கேரி என்னும் பெயருடையார் இன்னுஞ் சிலரும் எதிர்ப்பட்டனர். ஒருவர் வரலாற்றைத் திருத்தச் சென்ற நாம் பலர் வரலாற்றோடு திரும்பினோம். பிழையுரைத்த வாயாலேயே திருத்தமும் உரைப்பது கடனாதலின் இதனை எழுதலாயினோம்.

ஆங்கிலேயர்க்குத் தம் பெயரோடு குடிப்பெயர் ஒன்றும் ஒட்டி வரும் என்பதை யாவரும் அறிவர். அக்குடிப்பெயர்களிற் பல தொழிலாற் பிறந்தவை. ஸ்மித் என்றாற் கொல்லன். டெய்லர் என்றால் தையற்காரன். கார்ப்பென்டர் என்றாற் தச்சன். ஆயினும் ஸ்மித் என்னும் நீதிபதியை நோக்கி ‘உன் பாட்டன் பட்டறை எங்கே?’ என்று அந்நாட்டிற் கேட்பாரில்லை. தொழில் போய்ப் பெயர் மட்டும் நின்றது. கேரி என்பதோ தொழிற்பெயர் அன்று. இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் கேரி என ஓர் ஆறும், காசில் கேரி என ஓர் ஊரும் உள. அவ்விடத்துப் பெயரால் வழங்கிய குடிகளும் உண்டு. அயர்லாந்தின் பழங்குடிப் பெயரொன்று ஆங்கில நாவில் திரிந்து கேரி ஆனதும் உண்டு. எனவே இருவர் பெயர் ஒன்றாயிருத்தல் கொண்டு அவர் உறவினர் என்று துணிதல் கூடாது. நாம் துணிந்து பட்டதை மேலே கூறினோம்.

நிற்க. வில்லியம் கேரி 1761-ஆம் ஆண்டில் நார்தாம்டன்ஷயரைச் சேர்ந்த சிற்றூர் ஒன்றிற் பிறந்தார். தந்தையார் முதலில் நெசவாளர்; பின்னர் ஊர்க்கோயிலின் எழுத்தராகவும் பள்ளியாசிரியராகவும் இருந்தார். மகனுக்கு வெயில் ஒவ்வாத தோல்நோய் இருந்தமையால் வயல்வேலை இயலாதாயிற்று. ஆகவே பதினான்காம் ஆண்டளவில் செருப்புத் தைப்பவரிடம் தொழில் பழக விடப்பட்டார். அங்கே கிடந்த ஒரு நூலிற் கிரேக்க எழுத்துக்களைக் கண்டார். கற்ற நெசவாளர் ஒருவரை அடுத்துப் பொருள் கேட்டார். அன்று தொடங்கிய கல்வி இலத்தீன், எபிரேயம், டச்சு, பிரெஞ்சு என வளர்ந்தது. தோலும் ஊசியும் ஒரு கையில், இலக்கண நூல் மற்றொரு கையில் என்று சொல்லும்படி அவர் வாழ்க்கை சென்றது. சுவரிலே உலகப் படம் ஒன்றைத் தாமே எழுதி ஒட்டி, ஒவ்வொரு நாட்டினும் வாழும் மாந்தர் தொகையை அதிற் குறித்து வைத்திருந்தாராம்.

1793-இல் அவர் வங்காளம் வந்து சேர்ந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியார் தம் எல்லைக்குள் சமயப் பணியாளரை விரும்பவில்லை. ஆதலின் பிழைப்பை நாடி முத்னாபாட்டி என்னுமிடத்தில் அவுரித் தோட்டத்து ஆலையின் மேற்பார்வையாளராக அமர்ந்தார். தோட்டத்திற் கணக்கெழுதும் நமக்கு இச்செய்தி தனியே இனித்தது என்பதை மறைப்பானேன்! ஏறக்குறைய ஐந்தாண்டுகள் அங்கே அவுரியைக் காய்ச்சிக்கொண்டே வங்காள மொழியையும் வடமொழியையும் கற்றார்.

கம்பெனியின் தடை எட்டாத இடம் சீராம்பூர். அது டென்மார்க்கு அரசினர்க்கு உரியதாயிருந்தது. தமிழராகிய நமக்கு அவ்வரசினர் புதியவரல்லர். தரங்கம்பாடியும் அவர்களதே, சீகன்பால்கு 1706-இல் வந்திறங்கியதும், தமிழிற் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சேறியதும் அங்கேதான். தரங்கம்பாடியும் சீராம்பூரும் 1845-இல் ஒருங்கே ஆங்கிலேயர்க்கு விற்கப்பட்டன. கேரி 1800-ஆம் ஆண்டுத் தொடக்கத்திற் சீராம்பூர் புகுந்து, மார்ஷ்மன், வார்டு என்னும் இருவரோடு கூடி அச்சகம் நிறுவினார். மறு ஆண்டே வங்காளப் புதிய ஏற்பாடு வெளிவந்தது. அவ்வாண்டிலேயே கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரியில் வங்காளம் கற்பிக்க அமர்த்தப்பட்டார். அவருக்குத் திங்கள்தோறும் கிடைத்த சம்பளம் 500 ரூபாய், பின்னர் 1,000 ரூபாய். அதிற் பெரும்பகுதியைப் பொது நிதியிற் சேர்த்துவிட்டுத் தமக்கெனச் சிறிதே கொண்டார்.

ஆளுநர் மாளிகை விருந்தொன்றில், படைத்தலைவர் ஒருவர் இவர் காதில் விழுமாறு ‘கேரி முன்னர்ச் செருப்புச் செய்பவராய் இருந்தாரல்லவா?’ என்று வினவினாராம். கேரி உடனே திரும்பி, செய்பவனுங்கூட அல்லேன், பழஞ்செருப்பைத் தைத்துக் கொடுப்பவனே என்று விடையிறுத்தார் என்பர். இதனை நாம் படிப்பகத்தில் உரைத்தபோதுதான் கைதட்டல் மிகுதி. தோலைத் தொட்டவனைத் தெருவிற் புகவிடாத நாட்டிலே, தோல் தைத்த கையொன்று பண்டிதர்களுக்கு நடுவே அமர்ந்து வடமொழி இலக்கணம் எழுதிற்று என்றால், அதனைக் கேட்டு மகிழாத தமிழ்த் தொழிலாளி எவன்?

ஆயினும் அப்பண்டிதரையும், அவரினும் மேலாக வேறொருவரையும் நாம் படிப்பகத்தில் மறந்துவிட்டோம். கேரியின் நூல்களுக்கு எழுத்து வெட்டியவர் பஞ்சானன் கர்மகார். கர்மகார் என்பது வங்காளத்திற் கொல்லர் குடிப்பெயர். ஆங்கிலத்தில் ஆக்கினால் அவரும் ஒரு ஸ்மித்தே! எஃகு முனையிற் கீழ்நாட்டு எழுத்துக்களைத் தலைகீழாய்ச் செதுக்கும் அருந்தொழிலை அவரும், அவருக்குப்பின் அவர் மருமகன் மனோகரும் நடத்தினர். 1812 மார்ச்சு 11-ஆம் நாள் மாலை அச்சகம் தீப்பற்றியது. தாள்களும், பல்லாண்டு தொகுத்த அகராதிக் கைப்படிகளும், பல மொழி ஈய எழுத்துக்களும் அழிந்தன. அழிந்தவற்றுள் நம் தமிழெழுத்தும் ஒன்று. ஆனால் எழுத்துக்கு மூலமாகிய எஃகு அச்சுக்கள் சாம்பலுக்குள் கெடாமற் கிடந்தன. உருகிக் கட்டியான ஈயத்தை மீண்டும் காய்ச்சி அவற்றைக்கொண்டே எழுத்து வார்த்தனர். சில திங்களில் அச்சகம் மீண்டும் ஓடிற்று. கேரியின் துணிவைப் பலரும் புகழ்வர். கொல்லரின் எஃகையும் புகழ்தல் வேண்டும்.

சாதி பற்றிய செய்தியில் சீராம்பூரார் தரங்கம்பாடியாரைப் பின்பற்றவில்லை. தமிழ்நாட்டிற் கோயிலுக்குள்ளேயே சாதிக்கொரு பக்கமாய் அமர்த்தும் வழக்கத்திற்கு இடங்கொடுத்தனர். சீராம்பூரிலோ முதலிற் சேர்ந்தவர் கிருஷ்ண பால் என்னும் தச்சர். அவர் மகளைப் பிராமணக் குடியிற் பிறந்த இளைஞர் ஒருவர் 1803-இல் மணந்தார். அனைவரும் ஒரே பந்தியில் உண்டனர். உடன்கட்டை ஏறுதலை ஒழிக்கவும் கேரி உழைத்தார். 1803-இல் ஆட்களை அனுப்பி எண்ணியதில், கல்கத்தாவைச் சுற்றி 30 மைலுக்குள் மட்டும் ஓராண்டில் 438 பெண்கள் எரியுண்டது தெரியவந்தது. அவ்வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் 1829 டிசம்பரிற் பிறந்தபோது, அதனை வங்காளத்தில் ஆக்கும் பணி அவரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. வேதமோதும் நாளென்றும் பாராமல் அன்றே முடித்துக் கொடுத்தார். ஒரு நாள் தாழ்ந்தால் எத்தனை உயிர் போகுமோ என்பது அவர் கவலை.

இத்தகையார் வீட்டில் ஒரு துயரம் இருந்ததையும் சொல்லவேண்டும். மனைவி டாரதி இந்தியாவுக்கு வர மனமில்லாதிருந்து, வற்புறுத்தலின் பேரிற் கப்பலேறியவர். அவுரித் தோட்டத்திற் சிறுமகனொருவன் இறக்க, அவர் அறிவு கலங்கினார். 1807-இல் இறக்கும்வரை தெளியவேயில்லை. அடுத்த அறையில் அவர் அரற்றக் கேட்டுக்கொண்டே கேரி மொழிபெயர்த்தார் என்பர். உலகத்துப் பெண்களின் துன்பத்திற்கு இரங்கியவர் தம் மனைவியின் மறுப்பிற்குச் செவி கொடுத்திருக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. மக்களுள் பீலிக்சு பருமாவுக்குச் சென்று அந்நாட்டு மன்னரிடம் தூதராயினார். 1814-இல் ஐராவதியிற் படகு கவிழ்ந்து மனைவி மக்களை இழந்தார். மற்றொரு மகன் ஜேபஸ் அவ்வாண்டே நம் மலாய்த் தீவுக் கூட்டத்து அம்போயினாவுக்கு வந்தார். தந்தையார் 1834-இற் சீராம்பூரிலேயே காலமானார். கேரியா என்னும் மரவினம் ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்குகின்றது. தீவு தாங்கவில்லை.

இரண்டாமவர் மாத்தியூ கேரி. அயர்லாந்தின் தப்ளின் நகரில் 1760-இற் பிறந்தவர். தம் கத்தோலிக்க மக்கள் ஆங்கிலேயர் ஆட்சியிற் பட்ட கொடுமையை எதிர்த்து இளமையிலேயே சிறுநூல் எழுதி, பிடிபடுவதற்கு அஞ்சிப் பாரிசுக்கு ஓடி, அங்கே பெஞ்சமின் பிராங்கிளினிடம் அச்சுத்தொழில் பார்த்தார். ஊர் திரும்பிப் பத்திரிகை நடத்திச் சிறையும் கண்டார். 1784-இற் பெண்ணுடை தரித்துக் கப்பலேறிப் பிலடெல்பியா சேர்ந்தாராம். லபாயத் பெருமகன் கொடுத்த 400 டாலரே முதல். அம்முதலைக் கொண்டு பத்திரிகையும் நூல் வெளியீடும் நடத்தி அமெரிக்காவின் பெரும் பதிப்பாளருள் ஒருவரானார்.

ஒடுக்கப்பட்டவன் ஒடுக்கப்பட்டவனை அறிவான் என்பது நம் நம்பிக்கை. மாத்தியூவின் வரலாறு அதனைச் சற்றே அசைக்கின்றது. 1793-இற் பிலடெல்பியாவில் மஞ்சட் காய்ச்சல் பரவியது. செல்வர் ஓடினர், பிணியாளரைப் பேணவும் பிணம் எடுக்கவும் கறுப்பின மக்கள் முன்வந்தனர். அக்கொள்ளைநோய் பற்றி நூலெழுதிய மாத்தியூ கேரி, அவர்களுட் சிலர் மிகையாய்க் கூலி பறித்தனர், திருடினர் என்று எழுதிவிட்டார். அப்சலோம் ஜோன்சு, ரிச்சர்டு ஆலன் என்னும் கறுப்பினத் தலைவர் இருவர் 1794-இல் மறுப்பு நூல் வெளியிட்டனர். வாங்கிய காசுக்கும் செலவிட்ட காசுக்கும் கணக்குக் காட்டி, இறந்த தம்மவர் தொகையையும் எடுத்துரைத்தனர். கேரியாரோ காய்ச்சற் காலத்திற் சில நாள் ஊரை விட்டு அகன்றிருந்தவர். அதனையும் அவர்கள் சுட்டத் தவறவில்லை. கணக்கெழுதுவோன் என்ற முறையில் அம்மறுப்பை நாம் மிக விரும்புகிறோம். வசைக்கு வசை கூறாமல் வரவு செலவு காட்டியது எத்துணைச் சிறப்பு!

இனி லாட் கேரி. இவர் வர்ஜீனியாவில் 1780-ஐ ஒட்டி அடிமையாய்ப் பிறந்த கறுப்பர். 1804-இல் ரிச்மண்டு நகரப் புகையிலைப் பண்டகசாலைக்கு வாடகையாளாய் அனுப்பப்பட்டார். மனிதனை வாடகைக்கு விட்டு அவன் கூலியை ஆண்டை வாங்கிக்கொள்ளும் வழக்கம் அந்நாட்டில் இருந்தது. எழுதப் படிக்கக் கற்றபின், பீப்பாய் பீப்பாயாய் வந்து போகும் புகையிலைக்குக் கணக்கு வைக்கும் எழுத்தரானார். நூற்றுக்கணக்கான பீப்பாய்களுள் எது எங்கே கிடக்கிறதென்று உடனே சொல்வாராம். மிஞ்சிய புகையிலைத் துணுக்குகளை விற்றும், வணிகர் மகிழ்ந்தளித்ததைச் சேர்த்தும், 1813-இல் 850 டாலர் கொடுத்துத் தம்மையும் தம் மக்கள் இருவரையும் விலைக்கு வாங்கிக்கொண்டார். ஆம், தம்மைத் தாமே வாங்கினார்! அத்தொகையைப் பேரேட்டில் எப்பக்கத்தில் எழுதுவதென்று நாம் எண்ணிப் பார்த்தோம், கை ஓடவில்லை. 1821-இல் ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறி, லைபீரியாக் குடியேற்றத்திற் சமயப் பணியும் மருத்துவமும் புரிந்தார். 1828-இல் அக்குடியேற்றத்தின் பொறுப்பு முழுதும் அவர் கைக்கு வந்தது. அவ்வாண்டு நவம்பரில் காப்புக்காக வெடிமருந்துத் தோட்டா செய்கையில் நேர்ந்த விபத்தில் மாண்டார்.

இவர்களைப் பார்த்தபின் நம் தீவுக்கு வருவோம். எட்வர்டு வேலன்டைன் கேரி ஆங்கிலத் தோட்டக்காரர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிலாங்கூரில் வெள்ளையர் காப்பி பயிரிட்டனர். பிரேசில் நாட்டுக் காப்பி உலகச் சந்தையிற் பெருகி விலை சரிந்தபோது, அவர்கள் ரப்பருக்குத் தாவினர். அக்காலத்தில் தோட்டக்காரரிடையே முன்னின்றவர் இவர். லங்காட் ஆற்றின் கழிமுகத்தே கண்டலும் சதுப்புமாய்க் கிடந்த பெருந்தீவிற் தோட்டம் எழுந்தது. தீவும் இவர் பெயராலேயே வழங்கலாயிற்று. அதற்கு முன்னும் அங்கே மா மெரி மக்கள் வாழ்ந்தனர், இன்றும் வாழ்கின்றனர், மரஞ்செதுக்குதலில் அவர் புகழ் பெரிது. அவர் இருந்த நிலத்திற்குப் பெயரிட அவரைக் கேட்டிருப்பார்கள் என்று நாம் எண்ணவில்லை.

அத்தீவின் நிலம் பெருக்குக் கடல்நீர் மட்டத்திற்குத் தாழ்ந்தது. சுற்றிலும் மண்கரை எழுப்பி, உள்ளே வாய்க்கால் வெட்டி, மதகு வைத்து, கடல் வற்றுகையில் நீரை வெளிவிட்டு, பெருகுகையில் அடைத்தாலன்றி அங்கே மரம் நிற்காது. கரை உடைந்தால் உப்புநீர் புகுந்து பயிர் கெடும். ஆகவே மரம் நடுவதற்கு முன்னே மண் சுமக்க வேண்டியிருந்தது. முழங்காலளவு சேற்றில், கொசுக்கடியில், மலைக்காய்ச்சலில் அம்மண்ணைச் சுமந்தவர்களோடு தமிழரும் இருந்தனர். ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் ஒழிந்தது. கங்காணி முறை அதன்பின்னும் நீண்டது. ரப்பர் போய் இன்று செம்பனை நிற்கிறது. தெலுக் பங்ளிமா காராங்கிலிருந்து பாலத்தின்மேல் வண்டியில் செல்கிறோம். இருபுறமும் வரிசை வரிசையாய்ப் பனை. வாய்க்கால்கள் மட்டும் பழையன.

நம்மவர்க்குக் குடிப்பெயர் இல்லை. ஊரில் இருந்தபோது பெயரின் பின்னே சாதி ஒட்டியிருந்தது. கப்பலேறுகையில் குடியேற்றப் பதிவேட்டில் அதற்கென ஒரு பத்தியே இருந்தது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப்பட்டங்களை விடுமாறு தீர்மானித்தது. அவ்வாண்டு இறுதியிற் பெரியார் மலாயாவுக்கு வந்து ஊரூராய்ப் பேசினார். இன்று அடையாள அட்டையில் ‘அனாக் லெலாக்கி’ என்று தந்தை பெயர்தான் நிற்கிறது. வெளிநாட்டுப் பாரங்களிற் குடிப்பெயருக்குரிய கட்டத்தைக் கண்டால் நம் இளைஞர் திகைக்கின்றனர். தந்தை பெயரை அங்கே எழுதி, மேனாட்டில் தந்தை பெயராலேயே அழைக்கப்படுகின்றனர். இது சிறு தொல்லை. ஆயினும் பழைய பத்தி ஒழிந்ததற்குக் கொடுக்கும் விலையாகக் கொண்டால் மலிவே.

பெயர் ஒழிந்தவிடத்தும் மேல் கீழ் ஒழிந்ததா? 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் முதலானோர் முன்னின்றனர். கூலி உயர்வோடு அவர் கேட்டவற்றுள் ஒன்று: துரையோ தோட்டத்து உத்தியோகஸ்தரோ எதிர்வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்னும் கட்டுப்பாடு நீங்கவேண்டும். நாதன் மே மாதத்திற் கைதானார். பின் நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். இதனைப் படிக்கையில் வெள்ளைத் துரையை நினைந்து நாம் சினந்தோம். பின்னரே ‘உத்தியோகஸ்தர்’ என்ற சொல் உறுத்திற்று. அவருட் பலர் கிராணிமார், தமிழர், மலையாளிகள், யாழ்ப்பாணத்தார், ஆங்கிலம் படித்தவர். நம் நாற்காலியில் நமக்கு முன் இருந்தோர். மாத்தியூ கேரியைக் குறைகூற எழுந்த நம் எழுதுகோல் இவ்விடத்திற் சற்றுத் தயங்கியது.

இரு வாரங் கழித்து, ஒரு ஞாயிறன்று, அம்முதியவரைத் தேடிக் கேரித் தீவுக்குச் சென்றோம். தவற்றை ஒப்புக்கொண்டோம். அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை. மகளைக் கூவித் தேநீர் கொணரச் செய்தார். கரை போட்டும் வாய்க்கால் வெட்டியும் உழைத்தவருள் தம் தாத்தா வாயாற் கேட்ட பெயர்களைச் சொல்லுமாறு வேண்டினோம். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாய்ச் சொன்னார். பதினொரு பெயர் கிடைத்தன. அவற்றுள் மூன்று பட்டப்பெயர்கள், இயற்பெயர் அவருக்கும் தெரியாது. ஒருவர்க்கு ஊர் மட்டும் நினைவிருந்தது. ஏழாவது பெயரைச் சொல்லுகையில், இன்னாரென்று நமக்கு விளங்கவேண்டி அவருடைய சாதியையும் சேர்த்துச் சொன்னார். நம் கை எழுதாமல் நின்றது. முதியவர் கண்ணைத் திறந்து நம் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தார்.

“வேணாமா? சரி. அவுங்க அப்பா பேரு எனக்குத் தெரியும், அதை எழுதுங்க தம்பி” என்றார். எழுதினோம்.